வீட்டுக்குச் செங்கல் சட்டை

முந்தின வருஷம் கார்த்திகை அடைமழையில், எங்கள் கரிசல் ஊரான திருவேங்கடத்தில் என் அத்தான் வீட்டு முன்சுவரிலிருந்து 11 செங்கல் வில்லைகள் கழன்று விழுந்தன. ராத்திரி நேரம் என்பதால் யாருக்கும் அடி இல்லை. காலையில் போனபோது திண்ணை ஓரமாக அவற்றை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு மட்டுமே உடைந்திருந்தன. மற்ற ஒன்பதும் முழுசாக, நேற்று வாங்கி வந்தவை போலச் சிவப்பாக இருந்தன.

ஒன்றை எடுத்துப் புரட்டினேன். முதுகில் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடங்களில் மட்டும் சிமெண்ட் கலவை, பொட்டு வைத்தது போல ஒட்டியிருந்தது. மீதி இடமெல்லாம் வெறும் செங்கல். அந்தப் பொட்டுகளின் மேல் வெளிர்மஞ்சளாக ஒரு தோல் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்தது. சுவருக்கு முன்பு அடித்திருந்த பழைய பெயிண்ட் அது.

பார்க்க வந்திருந்த கொத்தனாரும் ஒன்றைக் கையில் எடுத்தார். "கல்லு மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. கல்லு கலவையப் பிடிச்சிருக்கு. கலவை பெயிண்டப் பிடிச்சிருக்கு. பெயிண்டு சுவர விட்டுட்டு. அப்புறம் கல்லு அந்தரத்துலயா நிக்கும்?" என்றார். ஒட்டுதலைப் பற்றி ஒரு பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இப்போது கட்டுகிற வீடுகளில் முன்பக்கச் சுவருக்குச் செங்கல் பதிப்பது பரவலாகிவிட்டது. கடையில் கிளாடிங் என்கிறார்கள், எலிவேஷன் டைல் என்கிறார்கள், டெரகோட்டா என்கிறார்கள். 1 முதல் 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள சுட்ட மண் வில்லைதான் எல்லாம். கட்டி முடித்த சுவருக்கு மேல் ஒட்டினால், வீடே செங்கல்லால் எழுந்து நிற்பது போலத் தெரியும். எனக்கும் அந்த அழகு பிடிக்கும். கரிசல் காட்டின் கறுப்புக்கு நடுவே செங்கல் சிவப்பு கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அந்தச் சட்டையை எப்படித் தைப்பது என்பதில் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வேதியியலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் சட்டை கிழிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்குச் செங்கல் புதிதல்ல. கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து வரிசை வரிசையாக எழுந்து வந்தது செங்கல்தான். ஆனால் நம் முன்னோர் பெரும்பாலும் செங்கல்லை மூடியே வைத்தார்கள். ராஜகோபுரங்களில் கீழ்ப்பகுதி கருங்கல், அதற்கு மேல் எழும் நிலைகளெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும். ஆனால் நம் கண்ணில் படுவது சுதைதான். 1636இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் மஹாலின் உடம்பும் செங்கல்லே. அதன் மேல் வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு போர்த்தியிருக்கிறது. செங்கல்லைப் பூசாமல், அதன் முகத்தையே அழகாகக் காட்டும் பழக்கம் நம் நகரங்களில் பெரிதாக வந்தது வெள்ளைக்காரர் காலத்தில். 1892இல் திறந்த சென்னை உயர்நீதிமன்றமும் 1908இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையமும் அதற்குச் சாட்சி. பிறகு, 1945இல் இந்தியா வந்து கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், பூசாத செங்கல் என்பது ஏழைக்கும் உரிய அழகு என்று காட்டினார். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அவர் கட்டிய வீடுகள் இருக்கும் ஊர் வந்துவிடுகிறது.

உயர்நீதிமன்றத்திலும் பேக்கர் வீட்டிலும் செங்கல்தான் சுவர். கூரையின் பாரத்தை அதுவே தாங்குகிறது. என் அத்தான் வீட்டில் செங்கல் எதையும் தாங்கவில்லை. அதைத்தான் சுவர் தாங்க வேண்டியிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் இந்த வேறுபாடு எளிதில் மறந்துவிடுகிறது.

எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 சென்டிமீட்டர் செங்கல் வில்லை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 36 கிலோ. அதைப் பதிக்க அரை அங்குலச் சிமெண்ட் கலவை போட்டால் இன்னும் 24 கிலோ. ஆக 60 கிலோ. 12 அடி நீளம், 10 அடி உயரமுள்ள சுவர் சுமார் 11 சதுர மீட்டர். 13 மூட்டை சிமெண்டைச் சுவரில் தொங்கவிட்டதற்குச் சமம். கீழே தாங்கல் எதுவும் இல்லை. ஒட்டுதல் ஒன்றை நம்பித்தான் அத்தனையும் நிற்கிறது.

மேலைநாடுகளில் பழைய வழக்கம் வேறு மாதிரி. அங்கே வெளிச் செங்கல் வரிசை முழுத் தடிமனில், தன் சொந்த அஸ்திவாரத்தில் நிற்கும். உள்சுவருக்கும் அதற்கும் நடுவே 1 முதல் 2 அங்குலம் காற்று இடைவெளி விடுவார்கள். இரண்டையும் உலோகக் கம்பிகள் இணைக்கும். கம்பி பாரத்தைத் தாங்காது. வெளிச்சுவர் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. செங்கல்லின் ஊடாக மழைநீர் உள்ளே வரும் என்பதை அவர்கள் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வந்த நீர் இடைவெளியில் வழிந்து இறங்கும். அடியில் ஒரு தகடு அதை வெளிப்பக்கம் திருப்பும். அடி வரிசையில் விட்ட ஓட்டைகள் வழியே வெளியேறும். அமெரிக்க விதிப்படி 33 அங்குலத்துக்குள் ஓர் ஓட்டையாவது இருந்தாக வேண்டும்.

அந்தக் கம்பியை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் பார்த்தது. 2016 ஜனவரி 29 காலையில் அடித்த புயலில் ஆக்ஸ்கேங்ஸ் தொடக்கப்பள்ளியின் வெளிச்சுவர், சுமார் 9 டன் செங்கல், அப்படியே சரிந்தது. பிள்ளைகள் வருவதற்கு முந்திய நேரம். கம்பிகள் செங்கல் வரிசைக்குள் போதிய ஆழம் போகவில்லை என்பதை அடுத்த ஆண்டு வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அந்நகரில் 17 பள்ளிகளை மூடிச் சோதித்தார்கள். உள்ளே சில சென்டிமீட்டர் கம்பி போயிருக்கிறதா என்பது கட்டி முடித்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. வில்லைக்குப் பின்னால் ஐந்து பொட்டு வைத்திருப்பதும் அப்படித்தான். பூச்சு வேலையில் மறைகிற இடம்தான் எப்போதும் ஆபத்தான இடம்.

ஐந்து பொட்டு வைத்த வில்லைக்குப் பின்னால் கலவை படாத இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். மழை பெய்தால் மூட்டு வழியே இறங்கும் தண்ணீர் அங்கே தேங்கும். வெயில் அடித்தால் அது ஆவியாகி வெளியேற வழி தேடும். பதிக்கும்போது வில்லையின் முதுகு முழுக்கக் கலவை தடவி, சுவரிலும் தடவி, அழுத்தி அசைத்துப் பதித்தால் குழி இருக்காது. வெளிச்சுவருக்கு முதுகில் 95 சதவீதம் கலவை பிடித்திருக்க வேண்டும் என்பது ஓடு பதிப்பவர்களின் கணக்கு. சோதிக்க எளிய வழி, பதித்த கையோடு ஒரு வில்லையைப் பிடுங்கிப் பார்ப்பதுதான். கொத்தனார் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

செங்கல்லைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இனிமேல்தான் வருகிறது.

செங்கல் வளரும்.

களிமண்ணில் ஹைட்ராக்சில் என்ற வடிவில் நீரின் கூறு ஒன்று மண்ணின் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. வெயிலில் காய வைத்தால் அது போகாது. சூளையில் 450, 500 டிகிரியைத் தாண்டும்போதுதான் விட்டுப் பிரியும். மண் செங்கல்லாவது அப்படித்தான். ஆனால் சூளையிலிருந்து எடுத்து ஆறவைத்த கணத்திலிருந்து அது காற்றின் ஈரத்தைத் திரும்ப இழுத்துத் தன் படிகத்துக்குள் பூட்டத் தொடங்குகிறது. எடை கூடுகிறது, உடம்பு விரிகிறது. இது ஈரம் காய்ந்தால் சுருங்கிவிடும் விரிவு அல்ல. மறுபடி சூளையில் போட்டால் ஒழியத் திரும்பாது.

இந்த வளர்ச்சி எந்தக் கணக்கில் நடக்கிறது என்பதை 2003இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த மொய்ரா வில்சனும் அவருடைய சகாக்களும் கண்டு சொன்னார்கள். காலத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப அது கூடுகிறது. முதல் நாளில் ஒரு பங்கு வளர்ந்தால் இரண்டு பங்காக 16 நாள் ஆகும். மூன்று பங்காக 81 நாள். நான்கு பங்காக 256 நாள். மெதுவாகிக்கொண்டே போகும், ஆனால் நிற்காது. ஆயிரம் வருஷமானாலும் நிற்காது. இதையே கடிகாரமாக்கி, பழைய செங்கல்லைச் சூடாக்கி எவ்வளவு எடை இழக்கிறது என்று பார்த்து, அது சுடப்பட்ட காலத்தைக் கணிக்கலாம் என்று 2009இல் அதே குழு காட்டியது. கேண்டர்பரி நகரத்துப் பழங்காலச் செங்கல் ஒன்றைச் சோதித்தபோது அதன் வயது வெறும் 66 என்று வந்தது. திகைத்துப் போய் விசாரித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுத் தீயில் அந்த இடம் எரிந்திருந்தது. அந்த நெருப்பில் செங்கல் தன் வயதை மறந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. இதைப் படித்த அன்று சாயங்காலம் வீட்டு மதில் சுவரைத் தடவிப் பார்த்தேன்.

வடிவமைப்பாளர்கள் இந்த வளர்ச்சியை ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் வரை என்று வைத்துக்கொள்வது வழக்கம். சிமெண்ட் இதற்கு நேர் எதிர். உலர உலரச் சுருங்கும். நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூல், மீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர் என்று கணக்கு வைக்கிறது. 20 அடி, அதாவது 6 மீட்டர் நீளச் சுவரில், புதுக் கான்கிரீட்டின் மேல் புதுச் செங்கல் பதித்தால் ஒன்று 3 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும், மற்றது 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொள்வது அரை அங்குலக் கலவை. இந்த இழுபறியோடு வெயிலும் சேர்கிறது. ஒரு டிகிரி சூடேறும்போது செங்கல் விரிவதைப் போலக் கான்கிரீட் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சித்திரையில் மேற்குச் சுவர் மதியம் 50 டிகிரியைத் தாண்டும், விடியற்காலையில் அதில் பாதிக்கு இறங்கும். இது தினமும் நடக்கிற கூத்து.

இதற்கான மருந்து இரண்டு. முதலாவது பொறுமை. சூளையிலிருந்து வந்த செங்கல்லை உடனே பதிக்காமல் மூன்று நான்கு வாரம் கிடக்கவிட்டால், ஒரு வருஷத்தில் வளர வேண்டியதில் ஏறக்குறைய பாதி அடுக்கிலேயே வளர்ந்துவிடும். சுவருக்கும் பூசி முடித்து ஒரு மாதமாவது கொடுக்க வேண்டும். இரண்டாவது, அசைய இடம். குறுக்கிலும் நெடுக்கிலும் 8 முதல் 12 அடிக்கு ஒரு மூட்டு விட்டு, அதைச் சிமெண்டால் அடைக்காமல் ரப்பர் போல நெகிழும் சீலன்ட் கொண்டு அடைக்க வேண்டும். சுவரின் மூலையிலும், தூணும் செங்கல்லும் சந்திக்கும் இடத்திலும், தளம் வரும் மட்டத்திலும் அப்படியே. அத்தான் வீட்டில் 26 அடிக்கு இப்படி ஒரு மூட்டுகூட இல்லை. விழுந்த 11 வில்லைகளில் 8, முதல் தளத்து பீம் வரும் மட்டத்தில் இருந்தவை.

எங்களுக்குப் பக்கத்தில் கழுகுமலையில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, மலையை மேலிருந்து குடைந்து செதுக்கியது. அதற்கு மூட்டே கிடையாது. ஒரே கல் என்பதால் அது முழுசாக விரிந்து முழுசாகச் சுருங்குகிறது. நாம் ஒட்டிக் கட்டுகிறோம், மூட்டைத் தவிர்க்க முடியாது. மூட்டுகளைச் சரியான இடத்தில் நாமே வைக்காவிட்டால் சுவர் தனக்குப் பிடித்த இடத்தில் விரிசலாக வைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. திருவேங்கடத்துக்கென்று தனியாக இரண்டு தொந்தரவுகள் உண்டு. மண்ணும் தண்ணீரும்.

கரிசல் மண்ணின் களிக்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். அதன் துகள் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகளுக்கு நடுவே நீர் புகுந்துகொள்ளும். மழை பெய்தால் மண் உப்புகிறது, கோடையில் வற்றிக் கால் நுழையும் அளவு வெடிக்கிறது. பருத்திக்கு அந்த வெடிப்பு வரம், வீட்டுக்குச் சாபம். கரிசலில் மேலாக அஸ்திவாரம் போட்ட வீடு ஐப்பசியில் கொஞ்சம் தூக்கப்படும், சித்திரையில் கொஞ்சம் இறக்கப்படும். அதுவும் எல்லா மூலையிலும் ஒரே அளவில் அல்ல. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அப்படி வருவது. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே, அடியில் குமிழ் போல அகன்ற கான்கிரீட் கால்களை 3, 4 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் முறையை வளர்த்தெடுத்தது. ஈரம் மாறாத ஆழத்தில் காலூன்றினால் மேல்மண் உப்பினாலும் வீடு அசையாது. ஆனால் நம் ஊரில் நின்றுகொண்டிருக்கிற பல வீடுகளுக்குக் கீழே அந்தக் கால்கள் இல்லை.

ஆகவே செங்கல் பதிக்க ஆசைப்படுகிறவர் முதலில் கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். ஒரு பென்சிலை எடுத்து, சுவரில் உள்ள ஒவ்வொரு விரிசலின் முனையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் போகட்டும். விரிசல் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால் வீடு இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். நடக்கிற வீட்டுக்கு இறுக்கமான சட்டை ஆகாது. அங்கே பணத்தை முன்சுவரில் போடுவதைவிட, வீட்டைச் சுற்றி 4 அடிக்குத் தளம் போட்டு மழைநீரை அஸ்திவாரத்திலிருந்து விலக்கிவிடுவதில் போடுவது நல்லது. இதை நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, வேண்டுகோளாகவே சொல்கிறேன்.

இனித் தண்ணீர். எங்கள் பக்கத்தில் போர் போட்டால் பல இடங்களில் உப்பு. குடிக்க ஆகாத தண்ணீர் கலவைக்கு ஆகும் என்று நினைக்கிறோம். அதே கான்கிரீட் விதிநூல், கலவைத் தண்ணீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. இந்த உப்பு கலவையோடு சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். ஒரு மைக்ரான் ஆரமுள்ள குழாயில் நீர் தன்னால் ஏறக்கூடிய உயரம், கணக்குப்படி, கிட்டத்தட்ட 15 மீட்டர். நடைமுறையில் வழியிலேயே ஆவியாகிவிடுவதால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆவியாகும் நீர், சுமந்து வந்த உப்பைச் சுவரின் முகத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. இதைத்தான் உப்புப் பூத்துவிட்டது என்கிறோம்.

முகத்தில் பூத்த உப்பு அசிங்கம், அவ்வளவுதான். உலர்ந்த பிரஷால் தேய்த்தால் போய்விடும். உள்ளே பூக்கும் உப்புதான் செங்கல்லைத் தின்னும். சோடியம் சல்ஃபேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 32 டிகிரிக்கு மேல் அது தண்ணீர் சேராத படிகமாக இருக்கும். அதற்குக் கீழே இறங்கி ஈரமும் கிடைத்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு பழைய அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஊதிப் பெருக்கும். நுண்குழாய்க்குள் அடைபட்ட படிகம் அப்படி ஊதினால் சுற்றியுள்ள செங்கல் பொறிந்து உதிர்கிறது. உலகத்தில் பல ஊர்களில் சுவரின் வெப்பம் 32 டிகிரியை வருஷத்தில் சில நாள்தான் கடக்கும். திருவேங்கடத்தில் பெரும்பாலான நாள்களில் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கடக்கிறது.

இதனால்தான் பதித்த செங்கல்லின் மேல் பளபளவென்று வார்னிஷோ லேக்கரோ அடிப்பதை நான் எதிர்க்கிறேன். அது முகத்தை அடைக்கிறது. உப்பு வெளியே வந்து பூக்க வழியில்லாமல் தோலுக்கு அடியிலேயே படிகமாகிறது. முதல் வருஷம் சுவர் புது மணப்பெண் போல மின்னும். மூன்றாம் வருஷம் முகம் முகமாக உரியும். பூசித்தான் ஆக வேண்டுமென்றால், படலம் போடாமல் குழாய்ச் சுவர்களில் மட்டும் ஒட்டி நீரைத் தள்ளும் சிலேன் வகைத் திரவம் இருக்கிறது. ஈரம் ஆவியாக வெளியேற அது விடும்.

ஆசிட் கழுவலும் அதே ரகம். மூட்டு அடைக்கும்போது வில்லையின் முகத்தில் சிமெண்ட் வழிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் துடைக்கிறார்கள். சிமெண்டிலுள்ள சுண்ணாம்போடு அது சேர்ந்து கால்சியம் குளோரைடு ஆகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தன்னை எப்போதும் நனைத்தே வைத்துக்கொள்ளும் உப்பு அது. வழியாமல் அடைப்பதே வழி. கலவையை மூட்டில் திணித்து, கட்டை விரல் பதிந்தால் தடம் விழும் பருவத்தில் கம்பியால் இழுத்து, கோணியால் துடைத்தால் அமிலமே தேவைப்படாது.

மூட்டுக் கலவை எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒன்றுக்கு இரண்டு போட்ட சிமெண்ட் கலவை செங்கல்லைவிட உறுதியாகிவிடும். இழுபறி வரும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது மூட்டு, ஆனால் உடைவது கல் என்றாகிவிடும். ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற பழைய கலவை போதும். சுண்ணாம்பு கலந்த மூட்டு கொஞ்சம் வளையும், மயிரிழை விரிசல் விழுந்தால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து அடைத்தும் கொள்ளும். நாயக்கர் மஹாலைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. செங்கல் பதித்தால் வீடு குளுகுளுவென்று இருக்குமா? கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 2 சென்டிமீட்டர் செங்கல் தரும் வெப்பத் தடை, பின்னாலுள்ள 9 அங்குலச் சுவர் தருவதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதே நேரத்தில், புதிதாய் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு தன் மேல் விழும் வெயிலில் பத்தில் ஏழு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. சிவப்புச் செங்கல் அவ்வளவையும் ஏறக்குறைய உள்ளே வாங்கிக்கொள்ளும். வெள்ளைச் சுவரை மறைத்து வில்லை பதித்தால் அந்த அறை முன்னைவிடச் சூடாகத்தான் வாய்ப்பு அதிகம். குளிர்ச்சி தருவது செங்கல் அல்ல, அதற்குப் பின்னாலுள்ள காற்று. பேக்கர் தம் சுவர்களில் செங்கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். கல்லிலும் கலவையிலும் கால்வாசி மிச்சம், வெயிலுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. புதிதாக வீடு கட்டுகிறவருக்குச் செங்கல் முகம் வேண்டுமென்றால், ஒட்டுவதைவிட இப்படிக் கட்டிவிடுவதையே நான் சொல்வேன். ஏற்கெனவே கட்டிய வீட்டில் வில்லை பதிக்க, கிழக்கையும் வடக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவருக்கு வெள்ளையடித்து, முடிந்தால் ஒரு வேம்பு வையுங்கள்.

அத்தான் வீட்டு முன்சுவர் கிழக்கு பார்த்தது. தையில் வேலையை மறுபடி தொடங்கினோம். ஆடியில் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார், கொத்தனார் மறுத்துவிட்டார். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எங்கள் ஊரில் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. தடவிய கலவை கல் வைப்பதற்குள் தோல் கட்டிவிடும். மீதி வில்லைகளையும் கழற்றி, பெயிண்டை முழுக்கச் சுரண்டி, சுவரை உளியால் நெருக்கமாகக் கொத்தி, கழுவி, புதிதாகப் பூசினோம். லாரித் தண்ணீர்தான் வாங்கினோம். பூச்சுக்கு ஏழு நாள் நனைப்பு, பிறகு ஒரு மாதம் சும்மா.

அந்த ஒரு மாதத்தில் மொட்டை மாடியில் ஒரு சோதனை நடந்தது. இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ளதுதான், யாரும் வீட்டில் செய்யலாம். மூன்று சூளைகளிலிருந்து தலா இரண்டு கல் வாங்கினோம். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைத் தட்டுகளில் ஓர் அங்குல ஆழத்துக்கு ஊற்றி, கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தினோம். கல் உறிஞ்சித் தண்ணீர் வற்றியதும் இன்னொரு தரம் அதே அளவு ஊற்றினோம். அதுவும் வற்றிய பின் பார்த்தோம். ஒரு சூளைக் கல்லில் பாதிக்கு மேல் வெள்ளை. இன்னொன்றில் உப்பு இல்லை, ஆனால் முகத்தில் மிளகளவு இரண்டு குழிகள், குழிக்குள் வெள்ளைப் புள்ளி. மண்ணில் இருந்த சுக்கான் கல் சூளையில் சுட்ட சுண்ணாம்பாகி, இப்போது நீர் பட்டு நீர்த்து, உப்பி, மேல் தோலைத் தள்ளியிருக்கிறது. மூன்றாவது கல்லில் கீழ் ஓரத்தில் மட்டும் லேசான ஒரு கோடு. ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலச் சத்தம். அந்தச் சூளையில் வில்லைக்குச் சொன்னோம்.

பங்குனியில் பதித்து முடித்தார்கள். 8 அடிக்கு ஒரு நெகிழ்மூட்டு, பீம் மட்டத்தில் ஒன்று. பீமுக்கு மேலே போன வரிசைகளுக்கு, மூட்டுக்குள் மறையும்படி துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளும் போட்டாயிற்று.

இந்தக் கார்த்திகை மழை வெறித்த பிறகு கொத்தனார் வந்தார். கரண்டியின் மரப்பிடியால் ஒவ்வொரு வில்லையாகத் தட்டிக்கொண்டே போனார், நான் பின்னாலேயே நடந்தேன். எல்லாம் கெட்டிச் சத்தம். வாசலுக்கு வலப்பக்கம், இடுப்பு உயரத்தில், இரண்டு மட்டும் பொக்கென்றன. "இது நம்ம பய ஒருத்தன் சாப்பிடப் போற அவசரத்துல வச்சது அண்ணாச்சி" என்றார். அந்த இரண்டுக்கும் சாக்பீஸில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். தையில் கழற்றி ஒட்ட வேண்டும்.